தோற்றவர் துவைக்கும் துணி

மலையில் பனி கரையவில்லை. முற்றத்துப் பீச் மரமோ அவசரப்பட்டுப் பூத்துவிட்டது. வாளியில் உறைந்த நீரை உடைத்துத் துணி துவைக்க வந்த லினேயோ, தொழுவச் சுவரோரம் கொழுந்தன் மொலெஃபி வெயில் காய்ந்தபடி தனியாக மொரபரபா என்னும் கல்லாட்டம் ஆடுவதைக் கண்டு நின்றுவிட்டாள். பாறையில் கீறிய கோடுகளின் மேல், மாடுகள் எனப்படும் கூழாங்கற்கள் நின்றன.

"அண்ணி, துணி அங்க கிடக்கு. இங்க என்ன வேடிக்கை?"

"உன் மாடு சாகப்போவுது. அதைத்தான் பாக்குறேன்."

"இது மாடு மேய்ச்ச ஆம்பளைங்க ஆட்டம்!"

அடுப்புக்கும் ஆற்றுக்கும் மட்டுமே பெண்ணுக்குப் பாதை வகுத்தவர்கள், அவள் கண்ணுக்கு வேலியிட மறந்துவிட்டார்கள். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் பிறந்து, மேய்ச்சல் மலையிலேயே வளர்ந்தவள் லினேயோ. இந்த வீட்டில் எவரும் அதைக் கேட்டதே இல்லை. வாளியை வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள்.

வாசலிலிருந்து மாமியார் கத்தினாள்: "ஏ மருமவளே! துணிய யாரு துவைப்பா?"

"ஆட்டம் முடியட்டும் அத்தை, சொல்றேன்."

மூன்று கற்களை ஒரே வரிசையில் நிறுத்தும்போதெல்லாம் அவனுடைய மாடொன்றைத் தூக்கினாள். கடைசியில் அவனுக்கு இரண்டே மாடுகள் மிஞ்சின; இனி மூன்றை வரிசையாக்க வழியில்லாமல் மொலெஃபி தோற்றான்.

"மேய்ச்சல்ல ஆடித் தோத்தவன் என்ன செய்யணும் கொழுந்தனாரே?"

"வழிதவறின மாட்டை ஓட்டியாரணும்," என்று முனகினான்.

"இன்னிக்கு மாடெல்லாம் தொழுவத்துல இருக்கு. துணிதான் பாக்கி." வாளியை அவன்பக்கம் தள்ளினாள். "அத்தை, உங்க மகன் துவைப்பாரு!"

உறைபனித் தண்ணீரில் கையை விட்ட மொலெஃபி அலறினான். லினேயோ கற்களைத் திரட்டி, எதிரிலிருந்த இடத்தைத் தட்டிக்காட்டினாள்.

"நீங்க வந்து உக்காருங்க அத்தை."