அட்டையில் மிஞ்சிய கை

என் தம்பிக்குக் குரல் இருந்தது, சுருதி இருந்தது, பார்த்தவர்கள் கண்ணை எடுக்காத முகமும் இருந்தது. பாட்டை எங்கே ஆரம்பிப்பது என்பது மட்டும் இன்றுவரை அவனுக்குப் பிடிபடவில்லை. முன்னிசை ஓடும், இவன் பாட்டுக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பான். ஒன்று முந்திக்கொள்வான், இல்லை பிந்திவிடுவான். பள்ளிக்கூட மேடையில் முதல் தடவை அப்படி முழித்தபோது, பின்னால் நின்ற நான் அவன் இடது தோளைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினேன். சுவிட்சைப் போட்ட மாதிரிப் பாட்டு வந்தது. அன்றைக்குப் பிடித்த தோள்தான், நாற்பது வருஷம் விடவில்லை.

சுருட்டை என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டு விசேஷத்தில்கூட யாராவது அவன் பாட்டுக்கு ஆடியிருப்பார்கள். தலையில் சுருள் சுருளாக முடி இருந்த காலத்தில் வைத்த பெயர். முடி போய்விட்டது, பெயர் நிற்கிறது. விக்கும் நிற்கிறது, காற்று அடிக்காதவரைக்கும். அந்தச் சுருட்டைக்குப் பின்னால் பாதி வெளிச்சத்தில் கோரஸ் பாடிக்கொண்டு ஒருத்தி நிற்பாளே, அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, அது நான்தான். அக்கா தம்பி பாசத்தைப் பாருங்கள் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கை வேலைக்குப் போன கை.

ஒவ்வொரு ஆல்பம் வரும்போதும் கேட்பேன். "அட்டையில நான் எங்கடா?"

"அடுத்ததுலக்கா."

அடுத்தது, அடுத்தது என்று அவனுக்குச் சினிமா ஆசை வந்துவிட்டது. சொந்தமாக ஒரு படம் எடுத்தான். அப்பாவும் அவனே, மகனும் அவனே. கடைசியில் பார்த்தவர்களும் நாங்களே. அந்தப் படத்தோடு அவன் மனைவி கிளம்பிப் போனாள், பாட்டுக்குக் கூப்பிடுகிறவர்களும் போனார்கள். அப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது டம்ளர் தட்டில் தாளம் போட்டது. டாக்டர் நரம்பு என்றார். குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கூடத்தான் செய்தது. கைக்கு அப்புறம் காலுக்கு இறங்கியது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த மேனேஜர் வந்தான். நல்ல பையன் மாதிரித்தான் இருந்தான், சட்டையை இஸ்திரி போட்டு. புது ஆல்பம் ஒன்று, எட்டுப் பாட்டு. அது நன்றாகப் போனால் கையோடு ஒரு படம். ஓய்வு பெற்ற திருடன் வேஷமாம், கூரை கூரையாகத் தாவ வேண்டுமாம்.

"இவனா? இவன் செருப்புப் போடறதுக்கே சுவத்தைப் பிடிக்கிறான்" என்றேன்.

"அதுக்கெல்லாம் டூப் இருக்காங்கம்மா. சார் மேடையில நல்லா நிக்கறார்னு படத்துக்காரங்க ஒரு தடவை பாத்தா போதும்."

தம்பி என் பக்கம் திரும்பினான். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. "அக்கா, இந்த அட்டையில நீயும் நானும். சத்தியமா. பேரும் போடச் சொல்றேன்."

நான் நம்பினேன். நம்பினதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மகளிடம் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது பல் டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

பாட்டுப் பதிவு செய்த அறையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியாகப் பாடினான், நான் பின்னால் நின்று ஒவ்வொரு வரிக்கும் அழுத்தினேன். வரிக்கு வரி மூச்சு வாங்கியது. வரிகளை ஒட்டிக் கொடுத்தபோது, பாட்டு நன்றாகத்தான் இருந்தது. 'வாசல் வரைக்கும் வந்த மழையே, உள்ளே வராமப் போனதென்ன' என்று தொடங்கும் ஒரு பாட்டை நான் பாத்திரம் கழுவும்போது இப்போதும் முணுமுணுக்கிறேன்.

அட்டைக்குப் படம் எடுக்கிற அன்று முடிக்கு மை அடித்துக்கொண்டு போனேன். அவசரத்தில் காதிலும் கொஞ்சம் பட்டுவிட்டது. வெள்ளைக் காகிதத்தைச் சுவரிலிருந்து தரைவரைக்கும் தொங்கவிட்டு, அதன் நடுவில் எங்களை நிறுத்தினார்கள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடம். அவனுக்கு முட்டி ஆடியது.

"அம்மா, கையை லேசா வைங்க. பூ வெச்ச மாதிரி" என்றார் படம் எடுப்பவர்.

"பூ வெச்சா இவன் கீழ கிடப்பான்ப்பா."

"அக்கா, கிள்ளாத."

"கிள்ளினாத்தான்டா நிக்கற."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைத்தான் எடுத்தார்கள். கேமராத் திரையில் காட்டினபோது நானே அசந்துபோனேன். இரண்டு பேரும் ஒரே வாயை வைத்துக்கொண்டு சிரித்த மாதிரி இருந்தது.

அட்டை வெளியான அன்று காலையில் மகள் போன் செய்தாள். "அம்மா, நீ எங்கம்மா?"

"நல்லாப் பாருடி, பின்னாடி நிப்பேன்."

"பாத்துட்டேன்மா. உன் மோதிரம் இருக்கு. நீ இல்ல."

அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தம்பி சிரிக்கிறான். அவனுக்குப் பின்னால் வெள்ளைக் காகிதம் போய், கறுப்பாக ஒன்றுமே இல்லாத இருட்டு. அந்த இருட்டிலிருந்து மணிக்கட்டோடு ஒரு கை வந்து தோளைப் பிடித்திருக்கிறது. என் கை. விரல் கணுவில் சமையலறையில் சுட்டுக்கொண்ட தழும்பைக்கூட விடவில்லை.

அட்டை செய்த பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். பாவம், அழாத குறையாகப் பேசினாள். "உங்கள எடுக்கச் சொன்னாங்கம்மா. எடுத்தேன். கையை மட்டும் எடுக்க முடியல. சட்டை கசங்கி உள்ள போயிருக்கு, உங்க பிடி அப்படி. கையை எடுத்தா தோளே போயிடுது. இப்படியே விடு, மர்மமா இருக்குன்னுட்டார் மேனேஜர்."

நேரே தம்பி வீட்டுக்குப் போனேன். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் நடுங்குகிற கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"பாத்தியாக்கா?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"பாத்தேன். தலை எங்க போச்சுன்னு கேக்கலாம்னு வந்தேன்."

"படத்துக்காரங்க போட்டோவைப் பாத்துட்டு, யாரு அந்த அம்மா, நர்ஸான்னு கேட்டாங்களாம். ஒரே ஒரு படம்க்கா. இது மட்டும் கிடைச்சிட்டா..."

கோபமாகத்தான் போயிருந்தேன். அந்தத் தொடைக்கு அடியில் கை துள்ளுவதைப் பார்த்ததும் கோபம் எங்கேயோ ஒழுகிவிட்டது.

"சரி, அட்டை போகட்டும். வெளியீட்டு மேடையில யாருடா உன்ன ஆரம்பிச்சு வைக்கிறது?"

"காதுக்குள்ள சின்னதா ஒண்ணு வைக்கிறாங்க. மேனேஜர் அதுல ஒண்ணு ரெண்டு மூணு சொல்லுவார். பாட்டு டேப்புல ஓடும், நான் வாயசைச்சா போதும்."

"நான் பின்னாடி நிக்கறேன்டா. இருட்டுல நிக்கறேன். யாருக்கும் தெரியாது."

"வேணாம்க்கா. இந்தத் தடவை நானே பாத்துக்கறேன்."

போகாமல் இருந்திருக்கலாம். எந்த அக்கா போகாமல் இருப்பாள்?

மண்டபம் நிறைந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மேடையின் பின்சுவர் முழுக்க அந்த அட்டை. என் ஒரு விரல் ஓர் ஆள் உயரம் இருந்தது. மேனேஜர் என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்தி, தரையில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினான்.

"இதைத் தாண்டாதீங்கம்மா. முடிஞ்சதும் லைட்டை அணைப்போம். அப்புறம் போய் சாரைக் கூட்டிட்டு வந்துடுங்க."

தம்பி மைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்க ஸ்டைலாகத்தான் இருந்தது. முன்வரிசையில் படத்துக்காரர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு நிருபர் பெண் எழுந்தாள்.

"சார், அட்டையில இருக்கறது யாரோட கை?"

சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். ஒரே வார்த்தைதானே, 'அக்கா' என்று. அவன் திரைச்சீலைப் பக்கம் லேசாகத் திரும்பினான், அப்புறம் கூட்டத்தைப் பார்த்தான்.

"என்னை இத்தனை வருஷம் தூக்கி நிறுத்தின ரசிகர்களோட கை" என்றான்.

கைதட்டல் அடங்கவே நேரமானது. அது அடங்குவதற்குள் மைக்கை அணைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டார்கள். முன்னிசை எனக்கு மனப்பாடம். வயலின் ஏறி, இறங்கி, ஒரு மணி அடித்ததும் பாட்டு. எனக்குப் பக்கத்தில் மேனேஜர் கையளவு மைக்கில் எண்ணினான். ஒண்ணு, ரெண்டு, மூணு. மணி அடித்தது.

'வாசல் வரைக்கும் வந்த மழையே' என்று தம்பியின் குரல் மண்டபம் எங்கும் பாடியது. தம்பி வாயை மூடிக்கொண்டு நின்றான்.

இடது தோளை மட்டும் லேசாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டு நின்றான். சட்டையை யாராவது மாட்டிவிடுவார்கள் என்று காத்திருக்கிற குழந்தை மாதிரி. நான் டேப்பைத் தாண்டக் காலை வைத்தேன். மேனேஜர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம்மா, இன்னும் அசிங்கமாயிடும்."

இரண்டாவது வரியும் போனது. முதலில் ஒருவர் சிரித்தார், அப்புறம் ஒரு வரிசை சிரித்தது. நூறு போன்கள் மேலே எழும்பின. தம்பி திடீரென்று வாயைத் திறந்து முதல் வரியை அசைத்தான், அப்போது பாட்டு மூன்றாவது வரியில் இருந்தது. படத்துக்காரர் எழுந்து, மற்றவர்களுக்கு மறைக்கக்கூடாது என்று குனிந்தபடியே வெளியே போனார். அந்த மரியாதையைப் பார்க்க முடியாமல் நான் தரையிலிருந்த டேப்பைப் பார்த்தேன்.

பாட்டை நிறுத்தி, மேடை லைட்டை அணைத்தார்கள்.

எனக்கு அந்த மேடையில் விளக்கு வேண்டாம், நாற்பது வருஷம் பாதி இருட்டில் நின்றவள். அவன் ஒரு ஸ்பீக்கர் பெட்டியின்மேல் சரிந்து உட்கார்ந்திருந்தான். விக் கையில் இருந்தது.

"அக்கா?"

"நான்தான்டா."

"காதுல கேட்டுச்சுக்கா. ஒண்ணு, ரெண்டு, மூணு, எல்லாம் கேட்டுச்சு. தோள்லதான் ஒண்ணும் வரல."

"சரி விடு. எழுந்திரு, வீட்டுக்குப் போலாம்."

அவன் அக்குளில் ஒரு கையைக் கொடுத்து, தூக்குவதற்காக இடது தோளை இன்னொரு கையால் பிடித்து அழுத்தினேன். தூக்குவதற்குத்தான் அழுத்தினேன். அவன் எழுந்தான், கழுத்தை நிமிர்த்தினான், பாட ஆரம்பித்தான்.

பதிவு அறையில்கூட அப்படிப் பாடவில்லை. மூச்சு வாங்கவில்லை, குரல் ஆடவில்லை. கீழே கூட்டம் வாசலில் நெரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

"சார், மைக் ஆஃப்ல இருக்கு" என்றான் மேனேஜர், ஓரத்திலிருந்து.

கையை எடுத்தால் பாட்டை நிறுத்திவிடுவான். எடுத்தால் விழுந்தும்விடுவான். நான் எடுக்கவில்லை. அவன் இரண்டாவது வரிக்குப் போனான்.