பதினொரு கற்கள் வரைந்த சுவர்

கிடுவாவில் ஊரை எழுப்பிவிடுவது ராணுவ முகாமின் பியூகிள் சத்தம்தான். ஊரில் பாதி முகாம், மீதிப் பாதி நாங்கள். எங்கள் தாத்தாக்களை வெள்ளைக்காரன் சூடானிலிருந்து சிப்பாய்களாகக் கூட்டிவந்து, உகாண்டாவின் இந்த மேட்டில் குடிவைத்தான். பர்மா சண்டையிலிருந்து திரும்பியவர்கள் வீடு கட்டிய தெருவுக்கு இன்றும் பர்மா என்றே பெயர். முகாம் வாசலுக்கு எதிரே நான் டீயும் குருசா ரொட்டியும் விற்கிறேன்.

என் அண்ணி மஸ்தூரா ஆரம்பப் பள்ளியில் டீச்சர். ஒருநாள் பள்ளி விட்டதும் நேராக என் கடைக்கு வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நைல் நதி எங்க பொறக்குதுன்னு கேட்டா கண்ண மூடிக்கிட்டு சொல்றாங்க நஃபீசா. உன் வீடு பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம்னு கேட்டா முழிக்கிறாங்க."

அந்த விடுமுறை முழுக்க ஏணி மேல்தான் இருந்தாள். பள்ளியின் நீளச் சுவரில் கிடுவா முழுவதையும் வரைந்தாள். கிழக்கே கோரை வளர்ந்த சதுப்பு, வடக்கே போகும் தார் ரோடு, பள்ளிவாசல், சந்தை, முள்வேலிக்குள் முகாம். என் கடை தீப்பெட்டி அளவுக்கு இருந்தது.

"என் கடை இவ்வளவுதானா அண்ணி?"

"உன் வாய் அளவுக்குப் போடணும்னா இந்தச் சுவர் பத்தாதுடி."

பள்ளி திறந்த அன்றே கேப்டன் ஒடோங்காரா ஜீப்பில் வந்து இறங்கினார். வடக்குச் சீமைக்காரர், நெடுநெடுவென்ற ஆள், அதிகம் பேசமாட்டார்.

"டீச்சர், முகாமை இப்படி வெளியில வரையக் கூடாது. இன்னைக்கே அழிச்சிடுங்க."

"பிள்ளைங்கள்ல பாதிப் பேர் முகாமுக்குள்ளதானே சார் குடியிருக்காங்க?"

"தெரியும். என் பொண்ணும் அங்கதான் இருக்கா. அழிச்சிடுங்க."

அண்ணி யாரையும் தூரிகையைத் தொடவிடவில்லை. தானே சுண்ணாம்பு அடித்தாள். அணிவகுப்பு மைதானம், தண்ணீர்த் தொட்டி, குடியிருப்பு வரிசைகள் எல்லாம் மறைந்தன. கடைசியில் ஒரு மூலையில் அவள் கை நின்றது. அங்கே அத்திமரத்தடியில் சின்னச் சின்னக் கற்களை வரைந்திருந்தாள்.

"அது என்ன கல்லு?" என்றார் கேப்டன்.

"கபர் சார். எங்க தாத்தாவ அங்கதான் அடக்கம் பண்ணிருக்காங்க. முப்பது வருஷத்துக்கு முன்னாடி வேலியைத் தள்ளிப் போட்டாங்க. அதுக்கப்புறம் எங்கள யாரும் உள்ள விடல."

"அங்க வெறும் புதர்தானே இருக்கு."

"புதருக்கு அடியில பாருங்க."

அவர் குனிந்து அந்தக் கற்களைப் பார்த்தார். அண்ணி அந்தக் கற்கள் மேலும் சுண்ணாம்பைப் பூசினாள். அன்று அவள் எங்கள் வீட்டில் சாப்பிடவே இல்லை.

நாலாம் நாள் கேப்டன் என் கடைக்கு வந்தார். எப்போதும் நின்றபடியே டீ குடிக்கிறவர், அன்று உட்கார்ந்துவிட்டார்.

"உங்க அண்ணி கல்லை எண்ணிப் போட்டாங்களா, சும்மா போட்டாங்களா?"

"எண்ணித்தான் கேப்டன் தம்பி. பதினொண்ணு. எட்டு வயசுல அவங்க அம்மாகூடப் போய்ப் பார்த்தது."

"புதரை வெட்டச் சொன்னேன். பதினொண்ணுதான் இருக்கு." டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் லாரி ஷெட்டுக்கு அங்க பள்ளம் தோண்டுறதா இருந்தோம். நிறுத்திட்டு மேல எழுதிப் போட்டிருக்கேன்."

ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "எங்க பக்கம் சண்டை நடந்தப்ப எங்கப்பா செத்துட்டாரு. எங்க பொதைச்சாங்கன்னு இன்னைக்கும் தெரியாதுக்கா."

அவரிடம் டீக்குக் காசு வாங்க எனக்குக் கை வரவில்லை.

மேலிடத்துப் பதில் வர ஒரு மாதம் பிடித்தது. ஷெட்டை மறுகோடிக்கு மாற்றினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எங்களுக்காக முகாம் வாசலைத் திறந்தார்கள். பர்மா தெருவே திரண்டு போனது. அண்ணி யாரிடமும் வழி கேட்காமல் முன்னால் நடந்தாள். அத்திமரத்தடியில் மூன்றாவது கல் முன்னால் மண்டியிட்டு, பாசியை முந்தானையால் துடைத்தாள். எழுத்துகளை விரலால் தடவித் தடவி "முர்சால்" என்று தாத்தாவின் பெயரைப் படித்தாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. நாங்கள் துஆ ஓதி முடிக்கும்வரை கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றார்.

அப்புறம் அண்ணியிடம் வந்தார். "டீச்சர், சுவத்துல இந்தப் பதினொண்ணை மட்டும் மறுபடி போட்டுக்குங்க. மத்தது வெள்ளையாவே இருக்கட்டும்."

"மரம்?"

"சரி, மரமும்."

"பக்கத்துல அந்தத் தண்ணித் தொட்டி..."

"டீச்சர்!"

காவலுக்கு நின்ற சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள். அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் கூடையைத் திறந்து எல்லோருக்கும் குருசா கொடுத்தேன். கேப்டன் இரண்டு வாங்கிக்கொண்டு, புல்லில் எங்கள் நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார்.