கடைசி வட்டம்

அலெக்சாந்திரியாவில் கணிதர் நிகாரெத்தோஸை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்கள் துக்க விருந்தில் மீன் தின்றுகொண்டிருந்தார்கள். காய்ச்சலில் விழுமுன் அவர் மணல் தட்டில் ஒரு புதிய நிரூபணத்துக்காகக் கோடுகளோடு வரைந்த வட்டத்தைப் படியெடுத்துத் தரும்படி, மனைவி அர்சிப்பே அவருடைய சகா பிலிஸ்கோஸிடம் கேட்டாள். அவன் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு எண்ணெய்க் கையாலேயே அழித்தான்.

"எல்லாம் தப்பும்மா. செத்தவர் மானம் போகக் கூடாதுல்ல?"

"உசுரோட இருக்கும்போதே அவருக்கு வட்டம் சதுரமாத்தான் தெரியும்," என்றான் இன்னொருவன், வாய் நிறைய மென்றபடி.

சற்று நேரத்தில் பிலிஸ்கோஸ் மதுவில் விரலைத் தோய்த்து மேசைமேல் அதே வட்டத்தை, அதே கோடுகளோடு வரைந்து பக்கத்திலிருந்தவனுக்குக் காட்டினான். "நேத்து எனக்குத் தோணுச்சுப்பா."

அர்சிப்பே அதைக் கேட்டு எழுந்தாள். விருந்தினர் கை கழுவிய மீன்நாற்றத் தண்ணீரை எடுத்து, அது கணவருடைய வட்டம் என்று தெரிந்தே அதன்மேல் கொட்டினாள்.