அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

தெற்கு ஸ்பெயினில், மாலகாவுக்கு மேற்கே, கடலோரத்தில் நடந்துவந்த ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் ஸ்பானியர் என்று இருந்தது அம்பாரோ ஒருத்திதான். உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படித்து, போலீசுக்கும் நகராட்சிக்கும் போன் போட்டு, கிடைத்த சேதியை ஆங்கிலத்தில் எழுதித் தருவது அவள் வேலை. வாசகர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற பின் வெயிலைத் தேடி வந்து குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள்.

வேனிற்காலத் தொடக்கத்தில் ஒருநாள் ஆசிரியர் கேரத் ஒரு வீடியோவோடு அவள் மேசைக்கு வந்தார். அல்மாட்சா என்ற மலைக்கிராமத்தின் ஊர்க்கூட்டம். நார்மன் என்ற வயதான ஆங்கிலேயர் கையைத் தூக்கியபடி நிற்கிறார். மேயர் ஹினெஸ் அவரைப் பார்த்து, "சரி சரி, கிரி என்னமோ கேக்கணுமாம். கேட்டுட்டுப் போகட்டும்" என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. வீடியோ அத்தோடு முடிந்துவிடுகிறது.

"கிரின்னா வெளிநாட்டுக்காரனைத் திட்டுற வார்த்தைதானே?" என்றார் கேரத்.

"திட்டெல்லாம் இல்லீங்க. என் தங்கச்சி வீட்டுக்காரர் டென்மார்க்காரர். ஞாயித்துக்கிழமை சாப்பிடறப்ப எங்கப்பா, 'டேய் கிரி, அந்த ரொட்டியை இப்படித் தள்ளு'ன்னுவார். அவரும் சிரிச்சுக்கிட்டே தள்ளுவார்."

"உங்கப்பா மேயர் இல்லையே."

"மலைக்காரங்க பேச்சே அப்படித்தான். பெரிசா எடுத்துக்க வேண்டாம்."

கேரத் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டார். செய்தி முதல் பக்கத்துக்குப் போனது. ஆனால் அவர் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த 'இழிசொல்' என்ற விளக்கத்தை அம்பாரோ வாதாடி நீக்கி, 'வெளிநாட்டவரைப் பிரியமாகக் கேலி செய்யும் பேச்சுச்சொல்' என்று மாற்றினாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

லண்டன் பத்திரிகைகள் சில அந்தச் செய்தியை எடுத்தன. அவள் விளக்கத்தைத் தூக்கிவிட்டு 'இனவெறி வசை' என்று போட்டன. அம்பாரோவின் பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. ஊரைக் காலி செய்துவிட்டு பிரிட்டனுக்கே திரும்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நாங்கள் எங்களையே கிரி என்றுதான் சொல்லிக்கொள்கிறோம், இதற்கு ஏன் இத்தனை அமர்க்களம் என்று இன்னொருவர். மேயர் வருத்தம் தெரிவித்தார். விவகாரம் அடங்கிய சமயத்தில் நார்மனே போன் செய்தார். நல்ல மலைநாட்டு ஸ்பானிஷ்.

"பிரியமாகன்னு எழுதினது நீங்கதானா? ஒருநடை வாங்களேன்."

சனிக்கிழமை அவள் மலையேறிப் போனாள். வாசலில் நாற்காலி போட்டு, ஆலிவ் காயும் பீரும் வைத்தார்.

"என் பொண்டாட்டி இந்த ஊர்க்காரி. சாகிற வரைக்கும் என்னை கிரின்னுதான் கூப்பிட்டா. அது பிரியம். ஹினெஸ் சொன்னது என் வாயை அடைக்கிறதுக்கு."

"வீடியோவுல அது எனக்குத் தெரியல" என்றாள் அம்பாரோ. சொல்லும்போதே அது முழு உண்மையில்லை என்று பட்டது. அந்தச் சிரிப்பை அவள் நன்றாகவே கேட்டிருந்தாள்.

"அது போகட்டும். லண்டன்லேர்ந்து எத்தனை பேர் போன் பண்ணாங்க தெரியுமா? மனசு புண்பட்டுச்சான்னு எல்லாரும் கேட்டாங்க. கூட்டத்துல நான் என்ன கேட்டேன்னு யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன கேட்டீங்க?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஊருக்கு மேலே மேயருடைய சித்தப்பா மகனின் அவகாடோ தோட்டம். நாணல் புதருக்குள் மறைத்துப் புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஊர்க் குழாய்களில் காலையில் மட்டும்தான் தண்ணீர்.

"இதுக்கு அனுமதி இருக்கான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

திங்கட்கிழமை அம்பாரோ நீர்வளத் துறைக்குப் போன் போட்டாள். அப்படி ஒரு கிணறு இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அலைந்து செய்தியை எழுதி முடித்தாள். கேரத் படித்துப் பார்த்தார்.

"இதுல கிரி எங்க வருது?"

"வரல."

"அப்ப யாரு படிப்பாங்க?" என்றார். ஆனாலும் போட்டார், உள்பக்கத்தில், காது கேட்கும் கருவி விளம்பரத்துக்குக் கீழே.

படிக்க வேண்டியவர் யாரோ படித்திருக்கிறார். இலையுதிர்காலத்தில் காவலர்கள் வந்து கிணற்றுக்கு முத்திரை வைத்தார்கள். தோட்ட உரிமையாளருக்கு அபராதம். ஹினெஸ் மேயராகவே நீடித்தார்.

அடுத்த ஊர்க்கூட்டம் முடிந்து நார்மன் மறுபடி போன் செய்தார்.

"என்ன சொன்னாரு மேயரு?"

"'தோன் நார்மன் அவர்கள் பேசலாம்'னு பட்டமெல்லாம் போட்டு ரொம்ப மரியாதையா சொன்னான். ஒருத்தரும் சிரிக்கல. அப்புறம் பாருக்குப் போனேன். சீட்டாட எங்கூட யாரும் உக்காரல."

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டுவிட்ட அம்பாரோ, லண்டன்காரர்களும் இதைத்தானே கேட்டார்கள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றார் அவர். "வச்சிடறேன், குழாய்ல தண்ணி வருது. இப்பல்லாம் சாயங்காலமும் வருது."