வம்சாவளியில் ஒரு பெயர்

வம்சாவளி என்ற சொல் தமிழிலும் மராத்தியிலும் ஒன்றுதான். அதனால் அந்தப் படிவத்தை நிரப்புவது எளிது என்று அய்யாத்துரை நினைத்திருந்தார். மேலே கொள்ளுத்தாத்தா. அங்கிருந்து கோடு கோடாகக் கீழே வந்தால் கடைசிக் கட்டத்தில் பிள்ளைகள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் ராஜபாண்டி பேனாவை நிறுத்தினான்.

“ஒரு பிள்ளன்னே எழுதிருங்க மாப்ள,” என்றார் மாமனார் அய்யாத்துரை.

மும்பைச் செம்பூரில் சாதிச் சரிபார்ப்பு அலுவலகத்துக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றிருந்தார்கள். ஜூலை மழை தார்ப்பாயில் குளம் கட்டியிருந்தது. அய்யாத்துரையின் சின்ன மகள் மாலதிக்கு இட ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் கிடைத்திருந்தது. நாளை மதியம் பன்னிரண்டுக்குள் சரிபார்ப்புச் சான்றிதழைக் கல்லூரியில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சீட் அடுத்த ஆளுக்குப் போய்விடும். விசாரணை இன்று மூன்று மணிக்கு.

குடும்பம் 1950 ஆகஸ்டுக்கு முன்பே மும்பைக்கு வந்துவிட்டது என்று காட்டினால்தான் இங்கே ஒதுக்கீடு. ராஜபாண்டிக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் திருநெல்வேலியிலிருந்து வந்தவன். ரயில் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரைத் தொட்டதும் அவன் பொதுப்பிரிவு ஆகிவிட்டான்.

சிக்கல் மூத்த மகள் கீதாவின் பெயரில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அவளும் இதே அலுவலகத்தில் விண்ணப்பித்தாள். அவளுடைய தாத்தா சுடலைக்கண்ணன் 1949இல் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் படித்தவர். பள்ளி கொடுத்த மராத்திச் சான்றிதழில் சாதி என்ற இடத்தில் ‘மதராஸி’ என்று இருந்தது. அப்படி ஒரு சாதி கிடையாது என்று தள்ளுபடி செய்தார்கள். கிடைத்திருந்த பொறியியல் சீட் போனது. கீதா வேதியியல் படித்தாள், டியூஷன் எடுத்தாள், ராஜபாண்டியைக் கல்யாணம் செய்துகொண்டாள். எட்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்தது. நான்கு நாள்.

இம்முறை பள்ளிச் சான்றிதழை வைக்கவில்லை. கொள்ளுத்தாத்தா தோல் பட்டறையில் வேலை பார்த்த 1948ஆம் வருட அட்டை ஒன்று கிடைத்திருந்தது. அதில் சாதி பாதி அழிந்திருந்தது. ஆனால் மதராஸி இல்லை.

“கீதா பேரு வந்தா அந்தப் பழைய ஃபைலும் கூடவே வரும். அவதான் போயிட்டால்லா. இனி அவளுக்கு என்ன நட்டம்?” என்றார் அய்யாத்துரை.

ராஜபாண்டி மாலதி என்று மட்டும் எழுதினான். அவனுக்கும் அதுதான் சுலபமாக இருந்தது. இறந்தவர் பெயருக்குப் பக்கத்தில் ‘மயத்’ என்று எழுத வேண்டும். காலமானவர் என்று மராத்தியில் பொருள். தாத்தாவுக்கு எழுதியிருந்தான். அங்கே பேனா நிற்கவில்லை.

தார்ப்பாய்க்குக் கீழே மேசை போட்டிருந்தவர் மாதவ். மாட்டுங்காத் தமிழர், நோட்டரி. நான்கு மொழிகளில் மொழிபெயர்ப்பும் உண்டு என்று பலகை சொன்னது. படிவத்தை வாங்கும்போதே மாலதியிடம் கேட்டார்.

“எவ்ளோ மார்க்?”

சொன்னாள்.

“என் பொண்ணு வந்தனா உன்னைவிட எழுபது ஜாஸ்தி. சீட் இல்லை. ராஜஸ்தான்ல கோட்டாவுக்கு அனுப்பி ரெண்டு வருஷம் கோச்சிங் குடுத்தேன்.”

“அப்ப ரெண்டு பேரும் கோட்டாதான் அங்கிள்.”

பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள். மாதவ் சிரிக்கவில்லை.

“பேச்செல்லாம் நன்னாத்தான் இருக்கு. எழுபது மார்க்குன்னா எத்தனை ராத்திரின்னு தெரியுமா? அவ அழுதது எனக்குத் தெரியும்.”

“எங்க வீட்லயும் அழுதாங்க சார்,” என்றான் ராஜபாண்டி. “உங்ககிட்ட யாராச்சும் அம்பதுக்கு முன்ன எங்க இருந்தீங்கன்னு கேட்டாங்களா?”

“எதுக்குக் கேக்கணும்?”

“அதான் சார்.”

மாதவ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சட்டப்படி உரக்கப் படித்தார். சுடலைக்கண்ணன், மயத். அவர் மகன் அய்யாத்துரை. அவருக்கு ஒரே மகள் மாலதி. “மேற்கண்டது உண்மை. எதையும் மறைக்கவில்லை. சரிதானே?”

ஒரே மகள். அடுத்தவர் வாயில் கேட்டபோது அது வேறு மாதிரி இருந்தது. கீதா பிறக்கவே இல்லை என்பதுபோல. முத்திரைக்கு மையைத் தொட்டிருந்தார் மாதவ். ராஜபாண்டி தாள்மேல் கையை வைத்தான்.

“கொஞ்சம் இருங்க.”

“மாப்ள,” என்றார் அய்யாத்துரை. குரல் கெஞ்சியது.

ராஜபாண்டி மாலதியைப் பார்த்தான். “சீட்டு உன்னோடது. நீ சொல்லு.”

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். “உள்ள போயி கெமிஸ்ட்ரி யாரு சொல்லித் தந்தான்னு கேட்டா நான் யார் பேரச் சொல்லுவேன்? லிக்கோ, எழுதுங்க அத்தான்.”

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா? ஒருத்தி போனது பத்தாதா?” என்றார் அய்யாத்துரை.

“லிக்கோ.”

கோடு இழுத்து, மாலதிக்கு முன்னால் கீதா என்று எழுதினான். பக்கத்தில் மயத் என்று எழுதவில்லை. முந்தைய தள்ளுபடியின் வருடத்தையும் குறித்தான். மாதவ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கவுண்டரில் இருந்த மராத்திப் பெண் பெயரைக் கணினியில் தட்டினாள். அய்யாத்துரை பயந்ததுதான் நடந்தது. எழுந்து போய், நாடா கட்டிய ஒரு பழைய கோப்புடன் வந்தாள். அவள் புரட்டப் புரட்ட, கம்பிக்கு இந்தப் பக்கம் ராஜபாண்டி தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நின்றான். கீதாவின் புகைப்படம். கீதாவின் கையெழுத்து. மதராஸி என்ற சான்றிதழ். அதற்குப் பின்னால் ஒரு நகல்.

அது பள்ளியின் அசல் பதிவேட்டுப் பக்கம். தமிழில் இருந்தது. 1949 என்ற எண்ணைச் சுற்றி கீதா பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எண்ணை மட்டும்தான் அடையாளம் தெரிந்திருக்கிறது. அய்யாத்துரைக்குக் கையெழுத்துப் போட மட்டும் வரும். அன்று வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ராஜபாண்டி அப்போது திருநெல்வேலியில் இருந்தான்.

“மேடம், அதைக் கொஞ்சம் திருப்புங்க,” என்றான் இந்தியில்.

வட்டத்திலிருந்து இரண்டு கட்டம் தள்ளி, சாதி. சுடலைக்கண்ணன் பெயருக்கு நேரே தெளிவாக எழுதியிருந்தது. ஊரில் ராஜபாண்டியின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருந்த அதே சொல். பிற்பாடு மராத்தியில் நகல் எடுத்த குமாஸ்தாவுக்கு அந்த எழுத்து புரியவில்லை. பார்த்தால் மதராஸி எழுத்து. மதராஸி என்றே போட்டுவிட்டார்.

ராஜபாண்டி சொன்னதை அந்தப் பெண் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கொடுத்து, மூன்று மணிக்குள் நோட்டரி முத்திரையோடு மொழிபெயர்ப்பு வேண்டும் என்றாள். மணி இரண்டே முக்கால்.

மாதவ் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாலதி மூச்சு வாங்க நின்றாள்.

“நகலோட நகல். மை தேஞ்சிருக்கு,” என்றார். “படிக்க முடியலைன்னு நான் எழுதினா யாரும் என்னைக் கேக்க முடியாது.”

“கேக்க முடியாதுதான்,” என்றான் ராஜபாண்டி.

தார்ப்பாய் ஓரத்திலிருந்து தண்ணீர் கொட்டியது. மாதவ் நகலைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு வெள்ளைத் தாளை இழுத்து ஒவ்வொரு கட்டமாக எழுதினார். சாதி வந்த இடத்தில் பேனா நின்றது. எழுதினார். முத்திரையும் குத்தினார்.

“என் அபிப்ராயம் மாறலை. புரியறதா?”

“சரி சார்.”

“ஓடுங்கோ. மூணாகப் போறது.”

விசாரணை இருபது நிமிடம் நடந்தது. மாலதி வெளியே வந்து அய்யாத்துரையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நாளைக் காலை பத்து மணிக்குச் சான்றிதழ் கிடைக்கும்.

கவுண்டர் பெண் கோப்பை மடக்கிக் கட்டிக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள். முகத்தில் இப்போது கொஞ்சம் இளக்கம் இருந்தது. அக்காவின் பழைய உத்தரவும் தப்புதானே என்றாள். மறு விசாரணைக்குப் போடலாம். ஆனால் விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். அவளை ஒரு நாள் வரச் சொல்லுங்கள்.

ராஜபாண்டி வம்சாவளித் தாளைக் கேட்டு வாங்கினான். கம்பியில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்து, கீதாவுக்குப் பக்கத்தில் மயத் என்று எழுதினான். எழுதி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.