பெயர் மாறிய கப்பல்

இது இரண்டாயிரத்து ஒன்றில் நடந்ததா, அடுத்த ஆண்டிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அன்று மழை பெய்ததாக என் தோழி ஃபரா சொல்கிறாள். என் நினைவிலோ நூலகச் சன்னலில் வெயில் அடிக்கிறது. கணினித் திரையில் மெல்ல இறங்கிய அந்த வானத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

ராயபுரத்தில் நாங்கள் படித்த கல்லூரியின் நூலகத்துக்கு அப்போதுதான் இணையம் வந்திருந்தது. ஒரே ஒரு கணினி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அறைக்குள் போக வேண்டும். நூலகர் பொன்னுரங்கம் ஆளுக்கு அரை மணி நேரம் கொடுத்து, "இன்னா தெரியணுமோ தேடிக்கோங்க" என்றார். மற்றவர்கள் கிரிக்கெட் வீரர்களைத் தேடினார்கள். ஃபரா தன் அண்ணன் காலித்தைத் தேடினாள்.

காலித் ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போயிருந்தான். கப்பலின் பெயர் 'ஓரியன்ட் லில்லி' என்று போனில் சொன்னவன் ரம்ஜானுக்குப் பிறகு பேசவே இல்லை. அனுப்பிவைத்த மண்ணடி ஏஜென்ட், அப்படியொரு கப்பலே இப்போது இல்லை என்று கையை விரித்துவிட்டான். ஃபராவின் அம்மா சாபிரா தினமும் மதியம் துறைமுகக் கதவுவரை போய் நின்றுவிட்டுத் திரும்புவார். அங்கே யாரும் அவருக்கு எதுவும் சொன்னதில்லை.

தேடும் கட்டத்தில் ஃபரா ஆங்கில எழுத்துகளில், 'காலித் அண்ணன் எங்க கீறாரு' என்று அடித்தாள். அதன்பின் தன் வீட்டு விலாசத்தையும் முழுதாக அடித்தாள். பதில் வந்து சேர வேண்டுமே.

"பின்கோடு போட்டியாடி?" என்று நான் கேட்டேன்.

பின்னால் நின்ற பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. "ஏம்மா, உள்ள போஸ்ட்மேன் குந்திகினு கீறான்னு நெனச்சியா? வார்த்தைய மட்டும் குடு."

கப்பலின் பெயரைக் கொடுத்தோம். பூக்கடைகளும் ஓட்டல்களும் வந்தன. அரை மணி முடிந்தது.

பிறகு நூல்பட்டியல் அட்டைகள் இருந்த இழுப்பறைகளைத் துழாவி, துறைமுக அலுவலகம் கழித்துக் கொடுத்திருந்த ஒரு பழைய கப்பல் விவரப் புத்தகத்தைக் கண்டுபிடித்தோம். அதில் ஓரியன்ட் லில்லி இருந்தது, பக்கத்தில் ஓர் எண்ணும். நான் மூடப் போனேன். ஃபரா விடவில்லை. யாரும் படிக்காத முன்னுரையை விரல் வைத்துப் படித்தாள். கப்பலின் பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார், எண் மட்டும் உடைக்கப்படும்வரை மாறாது என்று அதில் இருந்தது.

"அன்பு, கப்பலுக்குக்கூட பேரு மாத்துவாங்களாடி?"

"சினிமால சேரப்போறேன்னு எங்க மாமா மாத்திக்கல? அந்த மாதிரிதான்."

அடுத்த முறை எண்ணை மட்டும் அடித்தாள். ஒரே ஒரு வரி வந்தது. எத்தனை கடல்கள், எத்தனை துறைமுகங்கள், அத்தனையையும் ஒதுக்கிவிட்டு அந்த ஒரு வரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபரா அதைத் திறந்தாள்.

ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்தில் மாலுமிகளுக்கு உதவும் தேவாலயம் ஒன்றின் பக்கம் அது. முதலாளி கைவிட்டுப் போனதால் நங்கூரமிட்டு நிற்கும் ஒரு கப்பலைப் பற்றி எழுதியிருந்தார்கள். பெயர் வேறு, எண் அதேதான். ஆட்களுக்கு அரிசியும் தண்ணீரும் அவர்கள்தான் கொடுக்கிறார்களாம். ஆட்களின் படத்தைப் பார்க்க ஓர் இடத்தில் மவுசால் சொடுக்கச் சொல்லியிருந்தது.

"அமுக்காத. அம்மா வரட்டும்" என்றாள் ஃபரா. செருப்பு போடாமலே துறைமுகக் கதவுக்கு ஓடினாள். அரை மணி முடிந்தும் பொன்னுரங்கம் என்னை எழுப்பவில்லை. கடிகாரத்துக்கு முதுகு காட்டி நின்றார்.

சாபிரா வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஃபரா சொடுக்கினாள். முதலில் வானம், கோடு கோடாக. பிறகு கொடிமரம். பிறகு வரிசையாகத் தலைமுடி, நெற்றிகள். ஒரு நெற்றியின் இருபுறமும் விரிந்த காதுகளின் மேல் விளிம்பு தெரிந்ததும் படம் நின்றுவிட்டது.

"மொறக் காது..." என்றார் சாபிரா. தெருவே காலித்தைக் கேலி செய்யும் பெயர் அது. "யா அல்லா, என் புள்ள காதுடி இது."

திரைக் கண்ணாடியைத் தொட்டார். அதிலிருந்த நிலைமின்சாரம் படபடவென்று பொரிந்தது. கையை எடுக்கவில்லை.

"கண்ணு எப்ப வரும்?"

"லைன் கட்டாயிடுச்சு, திரும்ப வரணும்மா" என்றார் பொன்னுரங்கம், மெதுவாக.

நாங்கள் நால்வரும் காத்திருந்தோம்.

காலித் மறு ஆண்டு இளைத்துப்போய் வீடு திரும்பினான். இப்போது காசிமேட்டில் ஐஸ் வண்டி ஓட்டுகிறான். பொன்னுரங்கம் ஓய்வு பெற்றுத் திருவொற்றியூரில் இருக்கிறார். ஃபரா தண்டையார்பேட்டையில் நூலகர். நான் புளியந்தோப்பில் பள்ளி ஆசிரியை. சாபிரா இறந்துவிட்டார். அன்று லைன் வரவே இல்லை; மறுமுறை தேடியபோது படம் அந்தப் பக்கத்தில் இல்லை, இப்போது அந்தப் பக்கமே இணையத்தில் இல்லை. படத்தின் கீழ்ப்பாதியை எங்களில் யாரும் பார்த்ததில்லை.