நாற்பது சுவிட்சுக்குப் பூசிய கிரீஸ்

என் மகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜ் கெட்டுப்போனவர்களின் ஒப்பாரியைக் கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். அவள் கீபோர்டு போடுகிற டக்கு டக்கு சத்தம் எதிர்முனைக்குப் போய்விடுகிறது. "ஏம்மா, நான் அழுதுக்கிட்டிருக்கேன், நீ கடலை உடைக்கிறியா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். மேலதிகாரி கெடு வைத்துவிட்டார். வருகிற திங்கட்கிழமையும் சத்தம் கேட்டால் இனிமேல் ஆபீசுக்கு வந்துதான் வேலை. ஆபீசுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுக்கு ஏழு மாசம். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

வேறு கீபோர்டு வாங்கேன் என்றேன். தட்டையானதில் அடித்தால் அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிடுகிறதாம்.

"லூப் பண்ணினா, அதாவது உள்ள கிரீஸ் தடவினா, சத்தம் அடங்கிடும் மாமா," என்றார் மாப்பிள்ளை. ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலும் குட்டியாக ஒரு சுவிட்சு. மொத்தம் எண்பத்தேழு. ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பிரித்து, ஸ்பிரிங்குக்கு எண்ணெய், மேலும் கீழும் போய்வருகிற தண்டுக்கு கிரீஸ். எந்த கிரீஸ் என்று முடிவு பண்ண மனுஷன் நாலு நாள் வீடியோ பார்த்தார். கல்யாணத்துக்குச் சரி சொல்ல அரை மணி நேரம்கூட எடுக்காதவர்.

வந்து சேர்ந்தது காது மருந்து அளவுக்கு ஒரு டப்பி. உள்ளே வெள்ளையாக ஏதோ. மோந்து பார்த்தேன், வாசமே இல்லை. வாசமில்லாத கிரீசை நான் நம்புவதில்லை. முப்பத்தொரு வருஷம் பஸ் பட்டறையில் கிரீஸ் அடித்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார்கள். நான் பிரித்துக் கொடுக்கிற ஆள். மாப்பிள்ளை தூரிகையைத் தொட்டு, டப்பி விளிம்பில் வழித்து, மிச்சம் ஒட்டியிருப்பதைத் தண்டின் இரண்டு பக்கமும் தடவுவார். தடவியது தெரியவே தெரியாது.

"மாப்பிள்ளை, பூசுறீங்களா, திருஷ்டி கழிக்கிறீங்களா?"

"அதிகமானா ஒட்டிக்கும் மாமா. உள்ள இருக்கிற தகட்டுல பட்டா எழுத்தே விழாது."

மதியம் ஒரு மணிக்கு நாற்பத்தேழுதான் முடிந்திருந்தது. டாக்டரிடம் காட்டும் நேரமாகிவிட்டது என்று இருவரும் கிளம்பினார்கள். "அப்பா, எதையும் தொடாதீங்க," என்று மகள் செருப்பு மாட்டும்போது ஒரு தடவையும், படியில் நின்று ஒரு தடவையும் சொன்னாள்.

இவர்கள் போகிற வேகத்துக்குத் திங்கட்கிழமை மட்டும் நின்று காத்திருக்குமா? கட்டிலுக்கு அடியிலிருந்து என் டின்னை எடுத்தேன். சக்கரத்துக்குப் போடுகிற அசல் சரக்கு. பட்டறையில் ஒரே கணக்குதான்: பிதுங்கி வெளியே வரும்வரை அடி. தூரிகை எதற்கு, தீக்குச்சி போதும். நாற்பதையும் முக்கால் மணி நேரத்தில் முடித்து, பிதுங்கியதைத் துடைத்து, கீபோர்டில் குத்தி, எழுத்து மூடிகளையும் மாட்டிவிட்டேன். ஒன்றை அமுக்கினேன். சத்தமே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமுக்கியது மேலே வரவில்லை என்பதைக் கொஞ்சம் பிறகுதான் கவனித்தேன்.

மகள் வந்ததும் ஓடிவந்து அடித்துப் பார்த்தாள். இடது பக்கம் வெண்ணெய் மாதிரி ஓடியது. வலது பக்கம் உள்ளே போனதெல்லாம் உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றேன். "டப்பியில அடிப்பாதி மட்டச் சரக்கு."

அவள் குனிந்து மோந்தாள். "அப்பா, என் கீபோர்டுல ஏன் பஸ் வாசம் வருது?"

மாப்பிள்ளை ஒரு சுவிட்சைத் திறந்தார். ஸ்பிரிங்கைக் காணோம். குச்சியால் தோண்டி எடுத்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் என்னப்பா பண்ணுவேன்?" என்று மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு படிக்கட்டு இருக்கிற பக்கம் பார்த்தாள்.

நானே இறங்கிப் போய் மருந்துக்கடையில் இரண்டு பாட்டில் ஸ்பிரிட்டு வாங்கிவந்தேன். நாற்பதையும் பிரித்து, பல் விளக்குகிற பிரஷால் தேய்த்து, அலசி, துணியில் காயப்போட்டேன். பூச என்னை விடவில்லை. மாப்பிள்ளையும் மகளும் வழித்து வழித்துப் பூசினார்கள். இருட்டுவதற்குள் எண்பத்தேழும் மேலே வந்தன.

திங்கட்கிழமை அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் சரக்கு எந்நேரம் காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்? பத்தரை வரை நாலு பேர் பேசினார்கள். ஐஸ் உருகுகிறது என்று ஒருவன் புலம்பியது அவள் காதுக் கருவியைத் தாண்டி எனக்கே கேட்டது. பதினோரு மணிக்கு மேலதிகாரியே கூப்பிட்டார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாலு ஃபோன் காலும் கேட்டேம்மா. கீபோர்டு சத்தம் துளிகூட இல்ல. நீ வீட்டிலேயே இரு."

மகள் கண்ணை மூடி மூச்சுவிட்டாள்.

"ஆனா ஒண்ணு. பின்னாடி ஒருத்தர், 'பொய் சொல்றான், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டுட்டுத் தூங்கியிருப்பான்'னு நம்ம கஸ்டமரைத் திட்டிக்கிட்டே இருக்காரே, அவர் யாரு?"

"அது… ரேடியோ சார்."

"அந்த ரேடியோவை வேற ரூம்ல வைம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். விரலை மட்டும் உள்ளறைப் பக்கம் நீட்டினாள். எழுந்து போனேன். ஆனால் அந்த ஆள் கதவைத் திறந்துபோட்டுத்தான் தூங்கியிருக்கிறான்.